மாதம் இருபது வேகன்

மில் குடியிருப்பு
9 ஜூலை 1953

தம்பிக்கு அக்கா எழுதுறது.

நல்லபடியா போய்ச் சேர்ந்தேன்னு நீ போட்ட ரெண்டு வரி கிடைச்சுது. ரெண்டே ரெண்டு வரி! தந்தி அடிக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் தாராளமா இருப்பான். நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். தலைமை ஆபீஸுக்குப் போயிட்டோம்ங்கிற மிதப்புல என் எழுத்துல தப்பு தேடிக்கிட்டு இருக்காதே.

நீ போன மறுவாரமே மில்லுக்கு ரெண்டாவது ரம்பம் வந்து இறங்கிடுச்சு. கூட்ஸ் வண்டியிலேர்ந்து அதை இறக்க முப்பது பேர். உன் அத்தான் குறுக்கும் நெடுக்குமா ஓடினதைப் பார்க்கணுமே, பொண்டாட்டிக்கு வலி எடுத்தவன் தோத்தான். இப்ப அவரைத் தலைமை மேஸ்திரி ஆக்கிட்டாங்க. மில்லுல நாள் பூரா ரம்பம் போடுறது போதாதுன்னு, வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான், என் காதுலயும் ரம்பம்.

வீடு அறுபது ஆயிடுச்சு. நீ கூட்ஸ் கிளார்க்கா வந்து சேர்ந்தப்ப பதினொண்ணு இருந்துச்சு. ஸ்டேஷனுக்குக் கூரைகூடக் கிடையாது, ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு மறு கையில ரசீது எழுதினே. இப்ப பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தாச்சு, தபாலாபீஸுக்கு ஆள் வந்தாச்சு, முடிவெட்டுறவர் ஒருத்தரும் கண்ணாடியும் நாற்காலியுமா வந்து இறங்கிட்டாரு. ரோடே இல்லாத ஊருக்கு எல்லாரும் அந்தப் பத்து மணி ரயில்லதானே வரணும். ரயில் சத்தம் கேட்டா அடுப்புல என்ன இருந்தாலும் இறக்கி வெச்சுட்டு நான் பிளாட்பாரத்துக்குப் போயிடுறேன். நான் மட்டும் இல்லை, ஊரே அங்கதான் நிக்குது.

ஒரு வேடிக்கை கேளு. உன் அத்தான் காட்டுக்கு எடுத்துட்டுப் போற அந்த இரும்பு வளையத்தைப் பார்த்துட்டு, புதுசா வந்த வெட்டுக்காரன் ஒருத்தன், "என்ன மேஸ்திரி, யானைக்கு வளையலா?"ன்னு கேட்டிருக்கான். இவருக்கு வந்துச்சே கோபம். "மரத்தைச் சுத்தி இதைப் போடு. கொக்கி மாட்டிச்சுன்னா அது இன்னும் வளர்ற மரம், தொடாதே. கொக்கி எட்டலேன்னா வெட்டு. இதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டாம்"னு சொல்லிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து அதை நாலு தடவை சொன்னாரு.

அவருக்கு எழுத்து வாசனை இல்லைன்னு உனக்குத் தெரியும். நீ போட்ட ரெண்டு வரியையும் நான்தான் படிச்சுக் காட்டினேன். "அவ்வளவுதானா? பின்னாடி திருப்பிப் பாரு"ன்னாரு. அதனால இனிமே அவருக்காகவாவது ரெண்டு பக்கமா எழுது. பிள்ளை இல்லாத வீட்டுல பிள்ளையா இருந்துட்டுப் போனவன் நீ. உன் கட்டில்ல இப்ப துணி மடிச்சு வைக்கிறேன். வர்றேன்னு எழுதினா உடனே எடுத்துடுறேன்.

உன் அக்கா

*

தலைமை அலுவலகம், சரக்குப் பிரிவு
28 ஜூலை 1953

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். சிரித்ததற்காகப் பெரிய கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முறைத்தார்.

எங்கள் பிரிவில் நாற்பது மேசைகள். எனக்குக் கிடைத்த மேசையைத் தட்டிப் பார்த்தேன். நம் மில்லில் விறகுக்குத் தள்ளிவிடுகிற மரம். பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன், "மேசை என்றால் மேசைதானே" என்றார். அத்தானிடம் சொல். இவர்களையெல்லாம் ஒரு மாதம் அவரிடம் அனுப்ப வேண்டும்.

என் வேலை எளிதுதான். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் எத்தனை வேகன் புறப்பட்டது என்று பெரிய புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நம் ஸ்டேஷனின் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் நாற்பத்தெட்டு வேகன். என் கையாலேயே எழுதினேன், பெருமையாக இருந்தது.

சாப்பாடு சுமார். துணி துவைப்பது சுமாருக்கும் கீழே. அடுத்த விடுமுறைக்கு வருகிறேன்.

அன்புத் தம்பி

*

மில் குடியிருப்பு
17 பிப்ரவரி 1958

தம்பி, உயிரோட இருக்கியா?

மூணு வருஷம் ஆச்சு நீ இந்தப் பக்கம் தலை காட்டி. "அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை"ன்னு நீ எழுதுறதை அடுக்கி வெச்சா ஒரு பஞ்சாங்கமே போடலாம். சீனியர் கிளார்க் ஆயிட்டேன்னு எழுதியிருந்தே. உன் அத்தான் அன்னிக்கு மில்லுல எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரு. "எங்க வீட்டுப் பையன் ரயில்வேயில பெரிய ஆளு"ன்னு சொல்லிச் சொல்லி, நீதான் ரயிலையே ஓட்டுறேன்னு நம்புறவங்க இங்க நாலு பேர் இருக்காங்க.

நாலு ரம்பம் ஓடுது. பயணி ரயிலே ரெண்டு வேளை. வீடு இருநூறைத் தாண்டியாச்சு, எண்ணுறதை விட்டுட்டேன். கொட்டகை போட்டு சினிமா காட்டுறாங்க. நாலு ரம்பத்துக்கும் சேர்த்து ஒரு சங்கு, அது ஊதுறதை வெச்சுத்தான் குழந்தைங்க பள்ளிக்கூடம் போகுது, கிழவிங்க மாத்திரை போடுறாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. முன்னெல்லாம் மரம் சாயுற சத்தம் என் சமையல்கட்டுக்குக் கேட்கும். இப்ப வெட்டுற இடத்துக்குத் தள்ளுவண்டியில ஒன்றரை மணி நேரம் போகணுமாம். "காடு அங்கேயேதான் இருக்கு, நாமதான் நடக்கணும்"னு உன் அத்தான் சொல்றாரு. அவரு சொன்னா சரிதான். ஆனா இப்பல்லாம் நிறைய மரத்துல கொக்கி மாட்டிடுதுன்னு முணுமுணுக்கிறதையும் நான் கேட்டுட்டேன்.

இந்தத் தடவை வரலேன்னா உன் பங்குப் போர்வையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவேன், சொல்லிட்டேன்.

உன் அக்கா

*

மில் குடியிருப்பு
3 மார்ச் 1961

தம்பிக்கு,

இதை விளையாட்டா எழுதல. கவனமா படி.

ஆத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டு நாள் பயணத்துல, ஒரு பெரிய மில் இருக்கு. அங்கேர்ந்து உன் அத்தானுக்கு ஆள் அனுப்பியிருக்காங்க. தலைமை மேஸ்திரி வேலை, குடியிருக்க வீடு, கையெழுத்துப் போட்டு நியமனம். கட்டை விரல்தான் வெச்சுக்கணும்னாலும் நியமனம் நியமனம்தானே. இந்த மாசம் முடியிறதுக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க.

அவருக்கு இங்கேர்ந்து கிளம்ப மனசு இல்லை. இந்த மில்லுல முதல் பலகை அறுத்தவரு. ஆனா இங்க ஒரு பேச்சு அடிபடுது. லைனை மூடப் போறாங்கன்னு. என்ஜின்காரங்க சொல்றாங்க, டீக்கடையில சொல்றாங்க, ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டா வானத்தைப் பார்க்கிறாரு. ரயில் நின்னா மில் நின்னுடும். அறுத்த பலகையை எதுல அனுப்புறது, தலையில சுமந்துட்டா?

அவருக்கு ஐம்பத்து ரெண்டு வயசு. இப்ப விட்டா இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போறதில்லை. நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டுக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "ஊரு ஆயிரம் சொல்லும். உன் தம்பி அந்த ஆபீஸுலதானே இருக்கான். அவன் சொல்லட்டும். அவன் போன்னா போவோம், இருன்னா இருப்போம்."

ஒரே வார்த்தை போதும். ரயில் இருக்குமா, இருக்காதா?

உன் அக்கா

*

தலைமை அலுவலகம், சரக்குப் பிரிவு
14 மார்ச் 1961

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கடிதம் கிடைத்தது. வீண் வதந்திகளைக் கேட்டு மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். கிளை லைன்களின் நிலை குறித்து அவ்வப்போது ஆய்வு நடப்பது வழக்கம்தான்.

மாதம் இருபது வேகன் போய்க்கொண்டிருக்கும்வரை நம் லைனை யாரும் தொட முடியாது. இருபது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கண்டிப்பாக இருக்கும். இந்த வயதில் அத்தான் வேறு ஊருக்குப் போய்ப் புதிய ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். இருங்கள்.

இதை நான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புத் தம்பி

*

மில் குடியிருப்பு
2 ஆகஸ்ட் 1961

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டின அன்னிக்கே உன் அத்தான் அந்த மில்லுக்கு வரலேன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நான் எழுதினேன், அவரு விரல் வெச்சாரு. அன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டாரு.

வெளியே சொல்லாதேன்னு எழுதியிருந்தே. மன்னிச்சுக்கோ, அதை எப்படி வயித்துக்குள்ள வெச்சுக்கிறது? பேரைச் சொல்லல. ஆனா "மாசம் இருபது வேகன்"ங்கிறது இப்ப இந்த ஊருல குழந்தைக்குக்கூடத் தெரியும். ஸ்டேஷன் சுவத்துல கரித்துண்டால கோடு போட்டு வெச்சிருக்காங்க. வேகன் ஒண்ணு போனா ஒரு கோடு. ஜூன் மாசக் கடைசி நாள், பதினெட்டு கோடுதான் இருந்துச்சு. சாயங்காலம் வண்டி கிளம்பணும். முடிவெட்டுறவர் கடையை மூடிட்டு வந்தாரு, வாத்தியார் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வந்தாரு, நாங்க பொம்பளைங்க சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வரிசையில நின்னு பலகையைக் கை மாத்திக் கை மாத்தி ஏத்தினோம். ரெண்டு வேகனும் நிறைஞ்சுது. கார்டு விசில் ஊதினப்ப ஊரே கத்துச்சு. என் தோள் பட்டை மூணு நாள் தூக்க முடியல. ஆனா சந்தோஷமா இருந்துச்சுடா. இந்த ஊருக்கு ஒரு உயிர் வந்த மாதிரி இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். பெரிய மரம் கிட்டத்துல இல்லை. தூரத்துலேர்ந்து இழுத்துட்டு வந்தா மாசம் பன்னெண்டு வேகன்தான் தேறும். அதனால உன் அத்தான் அந்த வளையத்தைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் நாலு விரக்கடை வெட்டி எடுத்துட்டு ஒட்டிக்கிட்டு வந்துட்டாரு. வளையம் சின்னதானா நிறைய மரத்துக்குக் கொக்கி எட்டாதுல்ல. மூத்த வெட்டுக்காரர் சண்டைக்கே வந்துட்டாரு. "மேஸ்திரி, நீங்களா இதைச் செய்றது?"ன்னாரு. இவரு, "ரயில் போயிட்டா மரத்தை வெச்சு என்ன பண்ணப் போறோம்? ரயில் நிக்கட்டும், மரம் தானா வளரும்"னு சொன்னாராம். சொல்லிட்டு வந்து என் முகத்தைப் பார்க்கலை.

நல்லதுக்குத்தானே செய்றாரு? நீ ஒரு வரி எழுது, அவருக்கு ஆறுதலா இருக்கும்.

உன் அக்கா

*

தலைமை அலுவலகம், சரக்குப் பிரிவு
20 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன மரங்களை வெட்ட வேண்டாம் என்று அத்தானிடம் சொல். இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு மாதம் இருபதுக்குக் குறைந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது.

இங்கே வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி

*

மில் குடியிருப்பு
11 அக்டோபர் 1964

தம்பிக்கு,

மூணு வருஷமா நீ "பிறகு விவரமாக"ன்னே எழுதுறே. நானும் பொங்காம இருந்தேன். இன்னிக்கு என்னால முடியல.

மூணு வருஷத்துல ஒரு மாசம்கூட இருபதுக்குக் குறையல. வளையத்தை அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை வெட்டினாரு. இப்ப அதை என் இடுப்புல மாட்டலாம், அவ்வளவுதான். அறுக்கிற பலகை பெட்டிக்கு மட்டும்தான் ஆகும். மூணு ரம்பத்தைக் கழட்டி வித்துட்டாங்க. சினிமாக் கொட்டகை போச்சு. வாத்தியார் போயிட்டாரு. பின்பக்கம் நின்னு பார்த்தா மலை வரைக்கும் அடிக்கட்டைதான் தெரியுது. மூத்த வெட்டுக்காரர் போறப்ப உன் அத்தான்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டாரு, முப்பது வருஷச் சிநேகம். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டோம். ரயில் இருக்கேன்னு.

போன வாரம் உங்க ஆபீஸுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. தண்டவாளத்தை அளந்து சுண்ணாம்புல குறி போட்டுக்கிட்டே போனாரு. ஓட்டல் மூடியாச்சு, பாவம் மனுஷன் வெயில்ல நிக்கிறாரேன்னு வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தேன். "எதுக்குய்யா அளக்குறீங்க?"ன்னு கேட்டேன். "பிடுங்குறதுக்கும்மா. இது மூணு வருஷத்துக்கு முந்தின உத்தரவு, இப்பத்தான் ஆள் கிடைச்சுது"ன்னாரு. நான் சிரிச்சேன். "மாசம் இருபது வேகன் போகுதே, எப்படிப் பிடுங்குவீங்க?"ன்னேன். அவருக்குப் புரியல. "எந்த இருபது?"ன்னாரு.

காகிதத்தை மேசையில விரிச்சுட்டு நீளம் பார்க்க வெளியே போனாரு. படிக்கத் தெரிஞ்சது என் குத்தமா? "இக்கிளை லைனை மூடுவதில் ஆட்சேபம் இல்லை"ன்னு இருந்துச்சு. பிப்ரவரி இருபது, 1961. நான் உன்னைக் கேட்டு எழுதினதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. எழுத்து உன் எழுத்து. கீழே கையெழுத்தும் உன் கையெழுத்து மாதிரி இருந்துச்சு.

உலகத்துல ஒரே மாதிரி எழுதுறவங்க ரெண்டு பேர் இருக்கலாம். அப்படித்தான்னு நீ எழுதினா நான் நம்பிடுவேன். உன் அத்தான்கிட்ட இன்னும் சொல்லலை.

அக்கா

*

நகரம்
30 அக்டோபர் 1964

அக்கா,

அது என் எழுத்துதான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

மேலதிகாரி கோப்பை என் முன் வைத்து, "உன் பழைய ஊர்தானே, நிலவரம் உனக்குத்தான் தெரியும், நீயே குறிப்பு எழுது" என்றார். மரம் எத்தனை வருஷம் வரும், வேகன் எப்படிக் குறைந்துகொண்டு வருகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்ததை எழுதினேன். அலுவலகத்துக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. உனக்கு உண்மையை எழுதவும் கை வரவில்லை.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். அத்தான் திடீரென்று கிளம்பினால், யார் சொல்லிக் கிளம்பினார் என்று விசாரிப்பார்கள் என்று பயந்தேன். எந்த உத்தரவும் இங்கே பத்து வருஷம் ஆகாமல் நடப்பதில்லை, அதற்குள் அத்தான் ஓய்வு பெற்றுவிடுவார், யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். "இருங்கள்" என்று மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று தோன்றியது. ஏதாவது ஒரு எண் சொன்னால் நம்புவாய். இருபது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை அக்கா. அதை எழுதும்போது என் மனதில் வந்த எண் அது. அதற்காக அத்தான் வளையத்தை வெட்டுவார் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தக் கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், மூன்று வரிக்கு மேல் போகவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் அது இன்னொரு வரிதான். நேரில் வருகிறேன். கடைசி ரயில் டிசம்பர் 31 என்று முடிவாகியிருக்கிறது. அதில் வந்து இறங்குகிறேன். அத்தானைப் பார்த்து என் வாயாலேயே சொல்கிறேன். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

*

மில் குடியிருப்பு
9 நவம்பர் 1964

தம்பிக்கு,

ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. மூணாவது நாள், நீ ஆறு வயசுல அம்மா சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி கொடுத்துக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. என்னால முழுசாக் கோபப்படக்கூட முடியல, என்ன ஜென்மமோ நான்.

உன் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். நடுவுல இருந்ததை விட்டுட்டுப் படிச்சேன். "தம்பி கடைசி ரயில்ல வர்றானாம், உங்ககிட்ட நேர்ல ஏதோ சொல்லணுமாம்"னு மட்டும் சொன்னேன். முகம் அப்படியே மலர்ந்துடுச்சு.

நீயே சொல்லு. நான் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. தப்புப் பண்ணிட்டே, பண்ணிட்டேன்னு வந்து நின்னா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். மூணு வருஷமா மனுஷன் காட்டை அழிச்சது தான்தான்னு தூங்காம கிடக்கிறாரு. அந்த இருபது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பாரத்துல பாதியாவது இறங்கும். அதுக்காகத்தான் உன்னை வரச் சொல்றேன், எனக்காக இல்லை.

கட்டாயம் வந்துடு.

உன் அக்கா

*

தலைமை அலுவலகம்
4 ஜனவரி 1965

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வருவதாகச் சொல்லி வர முடியாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன். வருஷக் கடைசி என்பதால் விடுப்பு கிடைக்கவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்.

நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அடுத்த ஏற்பாடு என்ன என்று எழுதவும். புதிய விலாசம் தெரிந்ததும் நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புத் தம்பி

*

மில் குடியிருப்பு
15 ஜனவரி 1965

தம்பிக்கு,

லீவு கிடைக்கலைன்னு நீ எழுதினது வந்துச்சு. ரயில் இல்லாததால இப்ப வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் தண்டவாளத்தோட நடந்து வந்து தபாலைக் கொடுத்துட்டு, இருக்கிறதை வாங்கிட்டுப் போறாரு. அவரும் இந்த மாசத்தோட சரி. மிச்சம் இருக்கிறது ஒன்பது வீடு.

கடைசி நாள் என்ன நடந்துச்சுன்னு எழுதுறேன்.

நீ ஏதோ சொல்லணும்னு வர்றேன்னதை உன் அத்தான் எப்படி எடுத்துக்கிட்டாரு தெரியுமா? எங்களைத் தன்னோட கூட்டிட்டுப் போகத்தான் வர்றான்னு முடிவே பண்ணிட்டாரு. "வேற எதுக்கு அவ்வளவு தூரம் வர்றான்? கடைசி ரயில், அதுலயே கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சிருப்பான்"னாரு. அப்படி இருக்காதுங்கன்னு சொல்ல வாய் வரல. காலையிலேயே ரெண்டு டிரங்குப் பெட்டியையும் பிளாட்பாரத்துல கொண்டு போய் வெச்சுட்டாரு. ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்துட்டாரு.

ரயில் வந்துச்சு. மூணு பெட்டி, அதுக்குப் பின்னாடி அதிகாரிங்க பெட்டி ஒண்ணு. ஸ்டேஷன் சாவியும் கணக்குப் புஸ்தகமும் வாங்கிட்டுப் போக வந்திருந்தாங்க. உன் அத்தான் முதல் பெட்டியிலேர்ந்து ஜன்னல் ஜன்னலா பார்த்துக்கிட்டு வந்தாரு. "மச்சான்! மச்சான்!"னு கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. அதிகாரிங்க பெட்டிக்கிட்ட வந்ததும் வாசல்ல நின்ன டவாலி போட்ட பியூன், "இந்தப் பக்கம் வரக் கூடாது பெரியவரே"ன்னான். இவரு மரியாதையா ஒதுங்கித் திரும்பிப் போயிட்டாரு. முதல்லேர்ந்து மறுபடியும் பார்க்க ஆரம்பிச்சாரு.

நான் திரும்பல. மறுபக்கமா சுத்திப் போனேன். மூணாவது ஜன்னல்ல ஒருத்தர் பேப்பரை விரிச்சு முகத்துக்கு நேரே பிடிச்சிருந்தாரு. பேப்பர் முகத்தைத்தான் மறைக்கும். தலையில இருக்கிற ரெட்டைச் சுழியை மறைக்காது. பத்து வருஷம் எண்ணெய் வெச்சுச் சீவி விட்ட தலை. முடி கொஞ்சம் கொட்டிப் போச்சு, சுழி அப்படியே இருக்கு.

கண்ணாடியைத் தட்டலாம்னு கையைத் தூக்கினேன். தட்டல. நீயா இறங்கணும்னு நின்னேன். வண்டி இருபத்தஞ்சு நிமிஷம் நின்னுச்சு. அவ்வளவு நேரமும் நீ ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பல.

நீ பொய் எழுதினதை நான் எப்பவோ விட்டுட்டேன் தம்பி. வேலை போயிடுமேன்னு பயந்தே, எங்க மனசு நோகுமேன்னு பயந்தே. பயம் யாருக்கு இல்லை. ஆனா உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே ஒரு மனுஷன் அந்தப் பிளாட்பாரத்துல மேலேயும் கீழேயும் நடந்தாரே. அது உனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தே. அதை நான் என்ன பண்ணினாலும் விட முடியல.

வண்டி போனதுக்கப்புறம் பெட்டியை நாங்களே தூக்கிட்டு வந்தோம். வழியில அவரு, "பாவம், லீவு கொடுத்திருக்க மாட்டாங்க"ன்னாரு. நாலு நாள் கழிச்சு நீயும் அதையேதான் எழுதினே. படிச்சுக் காட்டினேன். "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு சந்தோஷப்பட்டாரு. நான் உன்னைப் பார்த்தேன்னு சொல்லலை. இனிமேயும் சொல்ல மாட்டேன். காட்டை அழிச்ச பழியை அவரு சுமந்துட்டுப் போகட்டும், அதை அவரால தாங்க முடியுது. நீ இப்படிங்கிறதை அவரால தாங்க முடியாது.

ஆத்துக்கு அந்தப் பக்கத்து மில்லுல இடம் எப்பவோ போயிடுச்சு. ஜங்ஷனுக்குப் பக்கத்துல பழப்பெட்டி செய்ற ஒரு பட்டறையில வேலை கிடைச்சிருக்கு. நாலு ரம்பத்துக்குத் தலைமையா நின்னவரு ஆணி அடிக்கப் போறாரு. திங்கக்கிழமை கிளம்புறோம், நடந்துதான்.

உன் அத்தான் இப்ப என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு. எந்தத் தெரு, எத்தனாவது வாசல், யாரைக் கேட்டா காட்டுவாங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டு இருக்காரு. "எழுதிட்டியா?"ன்னு கேட்கிறாரு. "எழுதிட்டேங்க"ன்னு சொல்லிட்டு இதை எழுதிக்கிட்டு இருக்கேன். "அவன் தேடி வந்தா தடுமாறக் கூடாது, நல்லாப் புரியிற மாதிரி எழுது"ங்கிறாரு.

புரியிற மாதிரிதான் எழுதியிருக்கேன்.

அக்கா